கருடனுக்கு ஏழு எலி

1971ஆம் ஆண்டு அக்டோபர் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. புரட்டாசி மூன்றாம் சனி. பகல் பதினொன்று நாற்பது. நல்ல வெயில், காற்று இல்லை, மேற்கே ஒரே ஒரு துண்டு மேகம். மழை பெய்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

இப்படித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. காயம்பட்ட பருந்து, ஆந்தை, வல்லூறு போன்றவற்றை வைத்துக் குணப்படுத்திப் பறக்கவிடுகிற மையம் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அங்கே போய்ப் பதிவேடு எழுதிக் கொடுக்கிறேன். முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் மழையையும் விளைச்சலையும் எண்ணியவன், வீட்டு மாடிப்படியை எத்தனை தடவைதான் எண்ணிக்கொண்டிருப்பது? பறவையைக் கொண்டுவருகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் முதல் மூன்று கட்டம் தேதி, நேரம், வானிலை. ஏழாவது கட்டம், ‘கொடுத்த உணவு’. இதுவரை நான் பதிவேட்டில் ஏற்றிய நாற்பத்தொரு படிவங்களில் இருபத்தாறில் அந்த ஏழாவது கட்டத்தில் ‘பால்’ என்று இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் மையத்து டாக்டரம்மா பேனாவால் நெற்றியில் தட்டிக்கொள்வார். “பருந்துக்குப் பால் குடுக்கணும்னு யாரு சார் இவங்களுக்குச் சொன்னது?” என்று என்னைக் கேட்பார். நான் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். எங்கள் வீட்டுப் பறவைக்குப் படிவம் எழுத அன்று யாரும் இல்லை. இப்போது நானே எழுதுகிறேன்.

ஆமத்தூருக்குத் தெற்கே மூன்று மைலில் இருந்தது எங்கள் ஊர். எனக்கு அப்போது பதினொரு வயது. நான்கு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா, அக்கா, நான் மூவரும் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பாவுக்கு நாற்பது ஏக்கர் கரிசல், இரண்டு கிணறு, ஒரு பெருமாள். பிள்ளை இல்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூடக் கண்ணில் படக்கூடாது. வீட்டுக் கோழிகளையே அந்த ஒரு மாதத்துக்கு விஸ்வநத்தத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போகும்போது பதினான்கு போகும், திரும்பும்போது ஒன்பது வரும். சொந்தக்காரர் வீட்டில் பெருமாள் அவ்வளவு கண்டிப்பானவர் இல்லை.

மூன்றாம் சனிக்குத் தோட்டத்துக் கிணற்றடியில், சுவரில் நாமம் வரைந்து, பெருமாளுக்குத் தளிகை போடுவது வழக்கம். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, சுண்டல், மாவிளக்கு. அந்த வருடம்தான் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்திருந்தது. தலைக்கு மேலே புதுக் கம்பி. தீபாராதனை காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு “கோவிந்தா” என்றார்கள். நான் மூடவில்லை. கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது. அப்போது வரப்பில் எதையோ பார்த்துச் சரிந்து இறங்கிய ஒரு பறவையின் இடது இறக்கை கம்பியில் அடித்தது. பத்தொன்பதும் பறந்தன. மூன்றாவது “கோவிந்தா”வுக்குச் சரியாக, தளிகை இலையிலிருந்து இரண்டடி தள்ளி, அது விழுந்தது.

வெள்ளைத் தலை, வெள்ளைக் கழுத்து, செங்கல் நிற உடம்பு. கருடன்.

கண் திறந்தவர்கள் பார்த்தது கருடனைத்தான், கம்பியை இல்லை. பெரியப்பா அழுதுவிட்டார். “பெருமாளே, ஒன் வாகனத்த என் வீட்டுக்கு அனுப்பிச்சிட்டியா” என்று அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். அங்கே தொண்ணூற்று மூன்று பேர் இருந்தோம். தொண்ணூற்று இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கம்பியில் அடிபட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அதைக் கலைக்க மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில், எல்லோரும் வாயைப் பிளந்து நிற்கும்போது நாமும் பிளந்து நிற்பது சுலபமாக இருந்தது.

கோழி அடைக்கிற பஞ்சாரத்தை மஞ்சள் தண்ணீரில் ஐந்து தடவை கழுவி, பூஜை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்தார்கள். அதற்குள் கருடன். தோள்பட்டையில் தோல் கிழிந்திருந்தது, எலும்பு முறியவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார்கள். பெரியப்பா என் தலையில் கை வைத்து, “ஏலே, சுத்தபத்தமா இருக்கணும். கருடாழ்வாருக்குக் கைங்கரியம் இனிமே நீதான்” என்றார். அந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த முதல் பதவி அது. அதுவரை சாப்பிடுகிற மூன்று வாயில் நான் ஒரு வாய்.

எனக்கும் அக்காவுக்கும் குழந்தையில் பால் புகட்டிய வெண்கலச் சங்கு பரணிலிருந்து இறங்கியது. அக்கா துண்டைப் போட்டுப் பறவையை அமுக்கிப் பிடிக்க, நான் அலகைப் பிரித்துப் பால் ஊற்றினேன். சனிக்கிழமை மட்டும் பதினான்கு சங்கு. உள்ளே போனது மூன்று சங்கு இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் நெஞ்சு இறகில் வழிந்து, காய்ந்து, ஈ மொய்த்தது. சர்க்கரைப் பொங்கலை உருட்டி வைத்தோம், வாழைப்பழம் வைத்தோம், துளசித் தீர்த்தம் வைத்தோம். அது எதையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தது.

ஊர் திரண்டு வந்தது. மாவிளக்கு ஏற்றிவைத்தார்கள், பஞ்சாரத்தைச் சுற்றினார்கள். டீக்கடைக்காரர் மட்டும் கும்பிட்டு முடித்துவிட்டு என் காதில் சொன்னார்: “பெருமாளு வண்டி பஞ்சராயிருச்சுலே. ஒங்க பெரியப்பா ஷெட்டுல விட்டுட்டுப் போயிருக்காரு. சட்டுனு டயர மாத்திக் குடுங்க, அவரு நடந்துல்ல போகணும்.” நான் சிரிக்கவில்லை. பதவியில் இருப்பவர்கள் சிரிக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சி வந்தார்.

‘வந்தார்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். எங்கள் வீட்டில் நண்டு சிண்டு எல்லாம் அவரை “ஏ பேச்சி” என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். அவருக்கு முப்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் எங்கள் நிலத்தில் உழைத்தவர்கள். அவர் அப்போது இரண்டு வருடமாகத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கும் வேலை. எங்கள் ஊரிலிருந்து பதினொரு பெண்கள் போனார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஊர்முனைக்குக் கம்பெனி வேன் வரும். இரண்டு ஹாரன் அடிக்கும். அவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்கள் என்பதால் மூன்றாவது ஹாரனுக்கு வேலை இருக்காது. எனக்கு முழிப்பு வருவது அந்த இரண்டு ஹாரனில்தான். ஞாயிறு காலையிலும், மற்ற நாள் சாயங்காலம் வேலை முடிந்தும் பேச்சி எங்கள் தொழுவத்தில் சாணி அள்ள வருவார்.

கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தூரத்திலிருந்தே பஞ்சாரத்தைப் பார்த்தார்.

“சின்னையா, இது என்னத்தத் திங்குது?”

“பால். பொங்கல்.”

“அடி ஆத்தே! பொங்கலு திங்கவா இது எங்க கோழிக்குஞ்சத் தூக்கிட்டுப் போகுது?” என்று சிரித்தார். பிறகு கிட்டே வந்து குனிந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. “நெஞ்செலும்பு துருத்திக்கிட்டு நிக்கி பாருங்க. கண்ணு உள்ள போயிருச்சு. இன்னும் ரெண்டு நாளு தாங்காது. பெரியய்யாகிட்டச் சொல்லுங்க, இதுக்குக் கறிதேன் வேணும்.”

“நீ சொல்லேன்.”

“நாஞ் சொன்னா கேப்பாகளாக்கும்.”

நான் சொன்னாலும் கேட்க மாட்டார். புரட்டாசியில், பெருமாள் வாகனத்துக்கு, கறி! கைங்கரியம்தான் பறிபோகும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “பசிக் கண்ணு எனக்குத் தெரியும் சின்னையா” என்றார் அவர். சாணியை அள்ளிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் ஆறே காலுக்குத் தொழுவத்துப் படலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். முந்தானைக்குள் பூவரச இலைப் பொட்டலம். அதில் ஒரு வயலெலி, கொழுத்தது. பெரியப்பா கோயிலுக்குப் போயிருந்தார், அம்மாவும் அக்காவும் தண்ணீருக்கு. நான் பஞ்சாரத்தைத் தூக்கி எலியை உள்ளே தள்ளினேன்.

இரண்டு நாளாக ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த பறவை எழுந்து நின்றது. ஒரு காலை எடுத்து எலியின் மேல் வைத்தது. அதற்கு நாங்கள் இரண்டு பேரும் அங்கே இல்லை. பதினொரு இழுப்பு. பன்னிரண்டாவதில் வாலும் உள்ளே போய்விட்டது. எனக்குப் பயம்தான். ஆனால் அன்று இருந்த சந்தோஷம் மாதிரி ஒன்று என் வாழ்க்கையில் நான்கைந்து தடவைதான் வந்திருக்கிறது. படலுக்கு வெளியே பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பூசாரி, ஒங்க சாமி படையல எடுத்துக்கிருச்சு” என்றார்.

திங்கட்கிழமை ஒன்று. செவ்வாய்க்கிழமை இரண்டு. ஆக நான்கு எலி. வேலை முடிந்து வேனை விட்டு இறங்கி, இருட்டுவதற்குள் எங்கள் வரப்பிலேயே வளை வெட்டி எடுத்துக்கொண்டு வருவார். கருடன் கழுத்தைத் திருப்பி இறகைக் கோத ஆரம்பித்தது. செவ்வாய் மாலை இறக்கையை விரித்து இரண்டு தடவை அடித்ததில் தாழ்வாரத்து விளக்கே அணைந்துவிட்டது. பெரியப்பாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “பாலும் துளசியும் என்ன வேல செஞ்சிருக்கு பாத்தீகளா” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். வருகிற சனிக்கிழமை மேளத்தோடு கொண்டுபோய்ப் பெருமாள் கோயில் வாசலில் பறக்கவிடுவது என்று முடிவாயிற்று. என் கையால்தான் விடவேண்டும் என்றும் சொன்னார். நான் பணிவாகத் தலையாட்டினேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எலியைத் தின்ற பறவை மறுநாள் விடியற்காலையில் கழுத்தை முறுக்கி, குமட்டி, ஒரு உருண்டையைக் கக்கும். செரிக்காத முடியும் எலும்பும். திங்கட்கிழமை முதல் தடவை பார்த்தபோது அது சாகிறது என்று நினைத்து எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. பேச்சியிடம் சொன்னேன். “அது நல்லதுக்குத்தேன். வேண்டாததக் கக்கிருது. யாரு கண்ணுலயும் படாம எடுத்துப் பொதச்சிருங்க” என்றார். திங்களும் செவ்வாயும் ஹாரன் சத்தத்தில் எழுந்து, உருண்டையை எடுத்து எருக்குழியில் புதைத்தேன். புதன்கிழமை இரண்டாவது ஹாரனுக்குப் பிறகு ஒரே ஒரு நிமிடம் என்று கண்ணை மூடினேன்.

ஆறே காலுக்கு அக்காவின் அலறல் கேட்டது.

பஞ்சாரத்துக்குள், துளசித் தீர்த்தத்துக்குப் பக்கத்தில், நெல்லிக்காய் அளவில் சாம்பல் நிற உருண்டை. இரண்டு எலிக்கான உருண்டை, பெரிதாகவே இருந்தது. பெரியப்பா விளக்குக் குச்சியால் அதைப் பிரித்தார். முடி. ஊசி போல எலும்பு. ஒரு சின்னப் பல்வரிசை. எங்கள் பக்கத்தில் முடியும் எலும்பும் சேர்ந்த உருண்டை ஒரு வீட்டுக்குள் கிடந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். செய்வினை. பறவையைப் பற்றி யாருக்கும் யோசனை போகவில்லை. கருடாழ்வார் எலி தின்பார் என்றே யாருக்கும் யோசனை போகாதபோது, கக்குவார் என்று எப்படிப் போகும்?

“எங் குடும்பத்துக்கு எவனோ வச்சிருக்கான்” என்றார் பெரியப்பா. பிள்ளை இல்லாதவருக்கு அந்தப் பயம் ஏற்கெனவே உண்டு. அம்மா என்னையும் அக்காவையும் இழுத்து அணைத்துக்கொண்டார். அது எலி முடி என்று சொல்ல, புதன்கிழமை காலை ஆறே காலிலிருந்து மாலை ஏழு மணி வரை, பன்னிரண்டே முக்கால் மணி நேரம் எனக்கு வாய் இருந்தது. அந்த வாயால் இரண்டு வேளை சாப்பிட்டேன்.

மத்தியானத்துக்குள் ஊரில் நான்கு பேருடைய பெயர் அடிபட்டது. சாயங்காலத்துக்குள் அது ஒரு பெயராகக் குறைந்தது. வீட்டுக்குள் வந்து போகிற வெளியாள் ஒரே ஒருவர்தான்.

ஏழு மணிக்குப் பேச்சி கூடையோடு வந்தபோது தொழுவத்தில் பெரியப்பா நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர். டீக்கடைக்காரரும் இருந்தார். பெரியப்பா வாழை இலைத் துண்டில் இருந்த உருண்டையைக் காட்டினார்.

“ஏ பேச்சி. இத யாரு வச்சது?”

பேச்சி பார்த்தார். உடனே புரிந்துவிட்டது. கூடையை மெதுவாக இறக்கினார்.

“இது செய்வினையும் இல்ல ஒண்ணும் இல்ல பெரியய்யா. நீங்க பயப்படாதீக. அந்தப் பறவை கக்குனது. எலி தின்னுச்சு, கக்கிருச்சு.”

“எலியா? எலி எங்கன இருந்து வந்துச்சு?”

நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒன்பது அடி. என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை. ஒரு மூச்சு நேரம்.

“நாந்தேன் போட்டேன்.”

“புரட்டாசி மாசத்துல… பெருமாளு வாகனத்துக்கு… எலியவா போட்ட?”

“பசியில கெடந்துச்சு பெரியய்யா.”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “ஏலே, நீதான பக்கத்துலயே இருந்த. ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

ஒரு சொல். நாங்கள் மூன்று பேரும் பெரியப்பா சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம், அம்மா படியோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வயது பதினொன்று. இதெல்லாம் காரணங்கள். எழுதி வைக்கிறேன். அதற்கு மேல் இவற்றால் எனக்குப் பயன் இல்லை.

பேச்சி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோபமாகப் பார்க்கவும் இல்லை. நல்லவேளை, உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாய் என்பது போலத்தான் இருந்தது அவர் முகம். இனிமேல் எங்கள் வீட்டு வாசலையோ தோட்டத்தையோ அவர் மிதிக்கக்கூடாது என்று பெரியப்பா சொன்னார். “சரிங்க” என்றார் அவர்.

படலைச் சாத்த என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் வெளியே நின்றுகொண்டு, கூடையைத் தலையில் ஏற்றுகிற சாக்கில், என்னைப் பார்க்காமலே பேசினார்.

“சின்னையா, கெணத்தடியில கல்தொட்டி இருக்குல்ல, அதுக்குக் கீழ வடக்கோரம். விடியுமுன்ன வச்சிட்டுப் போயிருதேன். பகல்ல அங்கன வந்தா ஆளுக பாத்துருவாக. நீங்க எடுத்துப் போட்ருங்க. சனிக்கெழம வரைக்குந்தான? அப்புறம் அது பறந்துரும்.”

“ம்” என்றேன்.

“மறந்துறாதீக. நாளைக்கு ஒண்ணாவது உள்ள போகணும்.”

“ம்.”

கருடனுக்குப் பரிகாரம் நடந்தது. மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, பூஜை அறைக்குள் வைத்து, தீட்டுக் கழிய ஒரு நாள் முழுக்கத் துளசித் தீர்த்தம் மட்டும், பிறகு பால். பெரியப்பாவும் அதனோடு சேர்ந்து பட்டினி கிடந்தார். அவரைக் கொடுமைக்காரர் என்று யாராவது நினைத்தால் அது என் எழுத்தின் குறை. அந்தப் பறவை பிழைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் அவரைவிட அதிகமாக விரும்பியவர் இல்லை. பூஜை அறைக்குப் பூட்டு கிடையாது. தாழ்ப்பாள் மட்டும்தான். அது எனக்கு எட்டும். எட்டுகிறதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஹாரன் இரண்டோடு நிற்கவில்லை. மூன்று, நான்கு என்று போய் ஒன்பதில் நின்றது. படுத்தபடி எண்ணினேன். டிரைவர் புது ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். அன்று கிணற்றடிக்குப் போகவில்லை. காலாண்டு லீவு, நாள் முழுக்கச் சும்மாதான் இருந்தேன். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பதினான்கு ஹாரன். வண்டி போகும்போது யாரோ பெண் உரக்கக் கூப்பிடுவதும் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. பகலில் பூஜை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கருடன் தலையை இறகுக்குள் சொருகிக்கொண்டிருந்தது. அன்று என்னைப் பார்க்கவில்லை. மூன்று மணிக்குக் கிணற்றடிக்கு நடந்தேன். வீட்டிலிருந்து கல்தொட்டிக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். முந்நூற்றுத் தொண்ணூற்று ஏழாவது எட்டில் தொட்டிக்கு அடியில் பூவரச இலையின் பச்சை ஓரம் தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் பிறகு ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது. பதினைந்து எட்டு மிச்சம் இருக்கும்போது திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்குப் பெரியப்பா பூஜை அறையைத் திறந்தபோது கருடன் செத்துக் கிடந்தது. எட்டு மணிக்கு மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாததால் தெருமுனையிலிருந்தே வாசித்துக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் பட்டில் சுற்றி, கிணற்றடியில் நாமம் வரைந்த சுவருக்குக் கீழே புதைத்தோம். பெரியப்பா அழுதார். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை.

“எலி தின்ன தீட்டு. அதான் பெருமாளு வேணாம்னு எடுத்துக்கிட்டாரு” என்றார்.

ஊர் அதைச் சுருக்கமாகச் சொன்னது. கருடனைப் பேச்சி கொன்றுவிட்டாள். அந்த வாரத்தோடு அவர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவதும் நின்றுபோனது. ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போவதாகச் சொன்னார்கள். பாவம் சும்மா விடுமா, கை வேலையே போயிருச்சு பார் என்றார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். நம்பியது எனக்கு வசதியாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, கல்தொட்டிக்குப் போனேன். நானூற்றுப் பன்னிரண்டு எட்டும் நடந்தேன். மூன்று பொட்டலம், மேலே ஒவ்வொரு கல். வியாழக்கிழமை எலி காய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை எலியை எறும்பு எடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது அன்று காலையில் வைத்தது. அதை மட்டும் வயிற்றைக் கீறி, தோலை மடித்து, நிதானமாகப் பக்குவம் செய்து வைத்திருந்தார். பறவைக்குக் கிழிக்கத் தெம்பு இருக்காது என்று. மூன்றையும் கள்ளிவேலிக்குள் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினேன். முதல் இரண்டு நாள் வைத்ததை நான் எடுக்கவே இல்லை என்பதை அவர் பார்த்திருப்பார். பார்த்துவிட்டும் மூன்றாவதை வைத்திருக்கிறார்.

மையத்து டாக்டரம்மாவிடம் ஒரு நாள், யாரோ ஒருவருடைய பறவை என்று சொல்லி, அந்தக் காயத்தை விவரித்தேன். “எலும்பு முறியலன்னா ஒண்ணுமே இல்ல சார். ஒரு வாரம் நல்ல தீனி, கொஞ்சம் ஓய்வு. பறந்துருக்குமே. என்ன குடுத்தாங்க?” என்றார். “பால்” என்றேன். பேனாவால் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை, பறவைகளுக்குத் தீனி போடுகிற பையன் ஒன்பதரைக்குத்தான் வந்து சேர்ந்தான். கோழிக்கறியைத் தொடாத ஒரு கூகைக்காக வயலெலி கொண்டுவந்திருந்தான். டாக்டரம்மா, “என்னப்பா, ஆபீசர் மாதிரி வர்ற?” என்றார்.

“ஒரு எலிக்கு ஒரு பஸ்ஸு மேடம்” என்று சிரித்தான். “வெயில் வந்தா வளைக்குள்ள ஆழமாப் போயிரும். வெள்ளெனப் போயித்தேன் வெட்டணும். ஒண்ணு எடுக்க ஒண்ணரை மணி நேரம். அங்கிட்டு எலியப் புடிச்சா இங்கிட்டு பஸ்ஸ விட்ரணும். ரெண்டும் முடியாது.”

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வியாழன் ஒன்பது, வெள்ளி பதினான்கு. ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்த எண்கள் என்னிடம் இருந்தன. எதை எண்ணினேன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஊர்முனையில் பத்துப் பெண்கள் ஏறி உட்கார்ந்து, பதினோராவது பெண்ணுக்காக வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் எங்கள் வரப்பில் இருட்டில் குனிந்து மண்ணை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஹாரன் அவருக்கும் கேட்டிருக்கும். அவரும் எண்ணியிருப்பார்.

படிவத்தில் கடைசிக் கட்டம் ‘ஆன செலவு’. ஏழு எலி, இரண்டு நாள் கூலி, ஒரு வேலை. எல்லாம் அவருடையது. என் பக்கம் எழுத ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை, அக்டோபர் ஒன்பது, காலை ஐந்து மணி, வானம் தெளிவு. வேன் வந்தது. ஹாரன் இரண்டே தடவை அடித்துவிட்டு, யாருக்காகவும் நிற்காமல் புறப்பட்டுப் போனது. எண்ணினேன். எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிட்டேன்.